மூடி

கதவில் இடிக்கிறது என் இடது இறக்கை.
கத்திவாக்கம், காலை ஏழு பத்து,
மகளிர் பெட்டி.
மீன்கூடையைக் காலால் நகர்த்தி இடம்விட்டவளுக்கு
என்னைவிட நாலு வயசு குறைவாக இருக்கும்.
"இன்னாக்கா இது, டிராமாவா?"

டிராமா இல்லை.
நான் துருவை.
ஏழு கோள்களின் கப்பல்களைத்
தொட்டுத் தொட்டே தின்றவள்.
முப்பத்தோராம் இதழின் கடைசிக் கட்டத்தில்
என்னைக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்து
ஓரத்தில் 'தொடரும்' போட்டார்கள்.
தொடரவில்லை.
பதினாறு வருஷம்.

விம்கோ நகர் வருவதற்குள்
இதையெல்லாம் எப்படிச் சொல்லி முடிப்பது?
நந்தம்பாக்கத்தில் காமிக்ஸ் திருவிழா என்றேன்,
வேஷம் கட்டுவோம் என்றேன்.
யார்டு ஆபீஸில் கொடுத்த லீவ் லெட்டரில்
'நெருங்கிய உறவினர் விசேஷம்' என்றிருக்கிறது.
பொய்யில்லை.

அந்தப் புத்தகத்தின் நாயகனை எனக்குப் பிடிக்காது.
பாலிஷ் போட்டவன். எந்தப் பக்கத்திலும் அவன்மேல்
ஒரு கீறல் கிடையாது.
எங்கள் ஜன்னல் கம்பியை
உப்புக்காற்று வருஷத்துக்கு ஒரு விரல் தின்னும்.
சைக்கிள், கேட், தண்ணி டிரம்மின் வளையம்,
அப்பாவின் ஸ்பானர் செட்.
ஏழு கோள் சுற்றிய கதையில்
எங்கள் ஊர்க்காரி அவள் ஒருத்திதான்.

தேசப்பன் ஒத்துக்கொள்ள மாட்டான்.
மணலியில் பைப்புகளின் தடிமன் அளக்கிற வேலை,
துருவோடுதான் அவனுக்குச் சம்பளம்.
"வெற்றிடத்துல ஆக்சிஜன் ஏது?
ஆக்சிஜன் இல்லாம துரு ஏது?
உன் ஆளு டுபாக்கூர்."
எர்ணாவூர் டீக்கடையில் மூன்று வருஷச் சண்டை.
ஒருமுறை நான் கிளாஸை வைத்த வேகத்தில்
கடைக்காரர் பத்து ரூபாய் சேர்த்து வாங்கினார்.

அப்புறம் ஒரு ராத்திரி படித்தேன்.
நானூறு கிலோமீட்டர் உயரத்தில்
ஜோடி சேராத ஆக்சிஜன் அணுக்கள்
ஒற்றை ஒற்றையாய்ப் பசியோடு அலைகின்றன.
சுற்றிவரும் கலங்களின் மேல்தோலை அரிக்கின்றன,
வெள்ளியைக் கறுக்க வைக்கின்றன.

மணி பதினொன்றே முக்கால்.
செருப்பு மாட்டவில்லை.
நகராத டிரெய்லர் லாரிகளின் இடுக்கில் வளைந்து ஓடி
அவன் வீட்டு ஷட்டரைத் தட்டி
"இருக்குடா!" என்றேன்.
லுங்கியை இறுக்கிக்கொண்டே முழுசாய்க் கேட்டான்.
"பூமிக்குக் கிட்டன்னா ஓகே.
ஏழு கோளுக்கெல்லாம் ஒத்துக்க முடியாது."
உள்ளே போய்,
கழித்துப்போட்ட பைப் துண்டு ஒன்றைக்
கோணியில் சுற்றி எடுத்து வந்தான்.
"சுரண்டிக்கோ. டிரெஸ்ஸுக்கு ஆவும்."

அதனால் இது பெயின்ட் இல்லை.
மார்த்தகடு ஃபோம் ஷீட், தோள்முட்டு எம்-சீல்,
மேலே உள்ளது
பசையில் குழைத்த அசல் மணலித் துரு.
அதுதான் இப்போது உதிர்கிறது
அவள் புடவைமேல்.
"ஸாரி, ஸாரி" என்கிறேன் ஹெல்மெட்டுக்குள்.
தட்டிவிட்டுக்கொண்டே கேட்கிறாள்:
"சரி, குடுவைலருந்து நீ வெளிய வந்தியா இல்லியா?"

புக் நின்னு போச்சு.

"அத வுடு. குடுவைய எதால மூடுனான்?"

வண்டி திருவொற்றியூரில் நிற்கிறது.
யாரோ ஏறுகிறார்கள், என் இறக்கையைத் திட்டுகிறார்கள்.

"எங்கூட்டு ஊறுகா பாட்டிலு மூடி
மூணு மாசம் தாங்காதுக்கா."

பிளாஸ்டிக் உறையிலிருந்து இதழை உருவுகிறேன்.
முப்பத்திரண்டாம் பக்கம். நூறு தடவை
அவள் முகத்தை மட்டுமே பார்த்த கட்டம்.
மேலே,
சாம்பல் மையில்,
நாலு போல்ட் வைத்த இரும்பு மூடி.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே போன் போடுகிறேன்.
"தேசப்பா. மூடி."
"இன்னாது?"
"மூடிடா! இரும்பு!"

தண்டையார்பேட்டை வரைக்கும்
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
பிறகு, மெதுவாக:
"எந்த கிரேடு ஸ்டீல்னு போட்டிருக்கா?"