ஏழு நிமிடம்

பதினோரு வருடம் நான் நிமிடங்களை மழித்தேன்.
ஆறு ஐம்பத்து மூன்றுக்கு அட்டை தேய்த்தால், ஏழு.
ஏழு ஒன்றுக்குத் தேய்த்தால், ஏழேகால்.
கடிகாரம் இரண்டு பக்கமும் சாயலாம் என்பது சட்டம்.
எங்கள் கடிகாரம் ஒரு பக்கம்தான் சாயும்,
ஆணி அடித்தவர் அப்படி அடித்திருந்தார்.

பெயர் வெர்லீன் ஸ்டாட்ஸ். ஆர்கன்சாவில்
ஒரு கோழி ஆலையின் சம்பளப் பிரிவு.
ஜன்னலில்லா அறை. மிட்டாய்க் கிண்ணம்.
திருடுகிறோம் என்று தோன்றவேயில்லை.
திருடினால் கை நடுங்கும் அல்லவா?
எனக்கு இருந்தது ஒரு பொத்தான்,
அதன்மேல் ‘ஏற்றுக்கொள்’ என்றிருக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன்.
யாருடையதைப் போடுகிறேன் என்று பார்க்கவில்லை.

லிஜோன் லாங்ரின் மார்ஷல் தீவுக்காரி,
தொடை எலும்பு உருவும் வரிசையில் நிற்பவள்.
ஒருநாள் என் அறைக் கதவைத் தட்டி
பிள்ளையின் பள்ளி நோட்டை நீட்டினாள்.
பென்சிலில் எழுதியிருந்தாள்:
பூட்ஸ், ஏப்ரன், கம்பிக் கையுறை, மருந்துத் தொட்டி:
பதினான்கு நிமிடம்.
திரும்பும்போது கழுவிக் கழற்ற ஒன்பது.
‘இந்த இருபத்து மூன்று யாருடையது?’

கோழியைத் தொட்ட பிறகுதான் வேலை என்றேன்.
‘சரி, ஏப்ரனை வீட்டிலேயே கட்டிக்கொண்டு வரட்டுமா?’
கூடாது, அது விதி.
‘விதியைச் செய்வது வேலை இல்லையா?’
மிட்டாய் வேண்டுமா என்று கேட்டேன்.
கடவுளே, மிட்டாய் வேண்டுமா என்று கேட்டேன்.

அந்த ஞாயிறு என் வீட்டில் இரவுச் சாப்பாடு.
தங்கை ஜோயெட்டா தாமதமாக வந்தாள்.
ஒரு நாளைக்கு ஆறு கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாள்.
கிழவருக்கும் கிழவருக்கும் இடையே நாற்பது மைல்,
சாலைக்குச் சம்பளம் கிடையாது,
பெட்ரோலும் அவளுடையது, பனிக்கட்டியும் அவளுடையது.
அவள் புருஷன் ராய்ஸை மோட்டலில் மேனேஜர் ஆக்கினார்கள்.
அந்தச் சொல்லை நெற்றியில் ஒட்டியதும்
ஓவர்டைம் உதிர்ந்துவிட்டது.
வாரம் அறுபத்திரண்டு மணி நேரம்
அடைத்த கழிப்பறைகளை மேனேஜ் செய்கிறான்.
அவர்கள் மகனோ ‘நானே முதலாளி’ என்கிறான்,
கம்பெனித் தொப்பியைக் கழற்றாமல்,
கம்பெனி போட்ட அபராதத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே.

உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.
நாப்கினில் கணக்குப் போட்டேன்:
இருபத்து மூன்று, வாரம் ஐந்து நாள், ஐம்பது வாரம்.
வரிசையில் நிற்பவர்கள் அறுநூறு பேர்.
ஒரே வருடத்தில் ஆலை விழுங்கியது
ராவும் பகலும் சேர்த்து ஆறரை வருடம்.
இன்னொரு தடவை போட்டேன்.
அதே ஆறரை.
‘பேய் அறைந்தவள் மாதிரி இருக்கிறாய்’ என்றாள் ஜோயெட்டா.

வழக்கு வந்தபோது என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள்.
வக்கீல் பெண் சிறுவயசு, பொறுமையாகக் கேட்டாள்:
‘மதிய உணவுக்கு முப்பது நிமிடம்
தானாகக் கழியும்படி வைத்திருந்தீர்களா?’
ஆமாம்.
‘எல்லோருக்குமா?’
எல்லோருக்கும்.
‘நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?’

மேசையில்.
இடது தோளில் போன், வலது கையில் சாண்ட்விச்,
பதினோரு வருடம், ஒரு நாள்கூட எழுந்து போனதில்லை.
பட்டியலில் ஸ்டாட்ஸ் என்ற பெயரும் இருந்தது.
வெள்ளிதோறும் அதற்கும் சேர்த்துத்தான்
‘ஏற்றுக்கொள்’ என்று அழுத்தியிருக்கிறேன்,
என் வயிற்றில் நானே அடித்து,
சத்தம் கேட்காமல்.

வெளித் தாழ்வாரத்தில் லிஜோன் உட்கார்ந்திருந்தாள்.
மன்னிப்பை வாயில் வைத்துக்கொண்டு அருகில் போனேன்.
அவள் வேறொன்று கேட்டாள்:
அந்த நோட்டை எப்போது திருப்பித் தருவார்கள்?
உறையில் போட்டு முத்திரை வைத்துவிட்டார்களாம்.
கடைசிப் பக்கத்தில்
மகள் ஒரு சுறா வரைந்திருக்கிறாள்,
பாதி வண்ணம்தான் அடித்திருக்கிறாள்,
தினமும் கேட்கிறாள்.

தெரியவில்லை என்றேன்.
இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தோம்.