மூன்று தட்டு

விடிய நாலு மணி.
ஊரைக் கடந்து பாசையூர்க் கடலுக்குப் போகிற வாடை
போகிற வழியில் என் ஓட்டோவுக்குள் ஏறி
முழங்காலில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும்.

ஸ்கார்பரோவில் இருந்து மச்சான் சிரிப்பான்:
"இருபத்தொண்டெல்லாம் ஒரு குளிரோ?
இஞ்ச நாய்க்கே சப்பாத்து."
சரிதான். இங்கே சப்பாத்து இல்லை.
இங்கே இருப்பது ஈரம்.
மூன்று நாள் மழை குடித்த சீமெந்து நிலம்,
அதன்மேல் படுக்க வேண்டிய ஒரு வயிறு.
அந்த வயிற்றுக்குப் பாகையும் தெரியாது
கனடாவும் தெரியாது.

என் எஞ்சின் பின் சீற்றுக்குக் கீழே.
கடைசிச் சவாரி முடித்து நான் படுத்த பிறகும்
கொஞ்ச நேரம் சூடாய்க் கிடக்கும்.
வாடகை கேட்காத வெப்பம்.
அதை ஒடியல் கண்டுபிடித்தது.

ஒடியல் என்றால் எங்கள் பூனை.
புழுக்கி வெயிலில் போட்ட நிறம், ஒரு காது கிழிசல்.
மகள் ஜெனிற்றா வைத்த பேர்.
எங்கள் பூனை என்று சொல்லலாம்,
வீட்டில் மீன் இருக்கிற நாட்களில்.

போன மார்கழி, ஒரு செவ்வாய்.
இரண்டு கூடை விளைமீன், சந்தைக்குப் பிந்திவிட்டது.
லீவரை இழுத்தேன்.
எஞ்சின் சத்தத்துக்கு முன்னால்
இன்னொரு சத்தம்.
அதை எழுத்துக் கூட்டத் தெரியாது எனக்கு.
இருட்டுக்குள் ஏதோ பாய்ந்து மதில் ஏறியது.
விசிறியில் கொஞ்சம் மஞ்சள் மயிர்.

மீன் பழுதாகிவிடும் என்று நான் போனேன்.
இதையும் எழுதத்தான் வேண்டும்.

ஒன்பது நாள் ஜெனிற்றா என்னோடு கதைக்கவில்லை.
எமல்டா அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள்,
பூனைக்கா, பிள்ளையின் வாய்க்கா,
நான் கேட்கவில்லை.

பத்தாம் நாள் வந்தது, பாதி வாலோடு.
மிருக வைத்தியர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்:
"காயம் ஆறீற்றுது. ஈரத்தில மட்டும் விடாதேங்கோ."

றெஜிபோம் மீன்பெட்டி ஒன்று எடுத்து
தலை போகுமளவுக்கு வாசல் வெட்டினேன்.
வாசல் தெற்குப் பக்கம், வாடைக்கு முதுகு.
அடியில் இரண்டு கல்லு, வெள்ளம் ஓட.
என் பழைய சாரத்தை முதலில் விரித்தேன்,
ஒரு இரவில் ஈரம் ஏறிக் கனத்துவிட்டது.
பிறகு வைக்கோல். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன்,
எனக்கே போய்ப் படுக்கலாம் போல இருந்தது.
எத்தனை கழுவியும் போகாத மீன் மணம்.
இதைவிட ஒரு பூனைக்கு என்ன மாளிகை?

ஒடியல் ஒரு இரவு படுத்தது.
மற்ற இரவு மறுபடியும் எஞ்சின்மேல்.
மறந்துவிட்டதா, மன்னித்துவிட்டதா,
இல்லை, குளிர்தான் அவ்வளவா?

அதனால் தட்டுகிறேன்.
உள்ளங்கையால், பின் தகரத்தில், மூன்று தரம்.
பொறுத்து, இன்னும் ஒன்று.
கொன்வென்ற் ரீச்சர் ஒருநாள் கேட்டா:
"உள்ளுக்க ஆரும் இருக்கினமோ தம்பி?"
"இருக்கலாம் ரீச்சர்."
சித்திரை வெயிலில், தார் இளகுகிற மத்தியானத்திலும்
தட்டித்தான் எடுத்தேன்.
ஸ்ராண்டில் கிளறன்ஸ் எனக்கு வைத்த பட்டம்
இங்கே எழுத ஏலாது.

திரும்பவும் மார்கழி.
பெட்டிக்குள் இப்போது சவிரியான் வீட்டு நாய்,
தலையும் முன்னங்காலும் மட்டும்.
மிச்ச நாய் மழையில்.
வெளியே தெரிகிற முதுகில் ஒரு யூரியாச் சாக்குப் போட்டேன்.
ஒரு தரம் உறுமியது, பிறகு விட்டுவிட்டது.
பெரிய பெட்டி ஒன்று சந்தையில் சொல்லி வைத்திருக்கிறேன்,
சூறைமீன் வருகிற பெட்டி.

நாலு மணி. கூடைகள் ஏறிவிட்டன.
தட்டுகிறேன்.
சீற்றுக்குக் கீழே மெல்ல ஓர் அசைவு.
முதலில் ஒரு கால் வெளியே வருகிறது,
நீண்டு, நகம் விரித்து, சோம்பல் முறித்து
அங்கேயே நிற்கிறது.

மீன் பழுதாகட்டும்.
மற்ற மூன்று காலும் வரும் வரைக்கும்
லீவரில் கை வைக்காமல் நிற்கிறேன்.