பால் இல்லாத மாதம்

மாசியில் இலை கொட்டி
பங்குனியில் செம்புத் தளிரோடு நிற்கிறது ரப்பர்.
வெட்டு இல்லை.
கத்திக்கு எண்ணெய் தடவி, பழைய பேப்பரில் சுற்றி
பரணில் போட்டாச்சு.
ஆனாலும் மூன்றரைக்குக் கண் திறந்துகொள்கிறது.
திறந்த கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?
முதல் நாள் அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.
அப்படித் தொற்றியது அடுப்பு எனக்கு.

லில்லிபாய் ஏழு மணி வேனுக்கு ஓடுவாள்,
அண்டியாபீசுக்கு.
சீசன் நேரம்.
மூட்டை மூட்டையாய் வந்து இறங்குகிறதாம் கொட்டை.

பத்து மணிக்கு ஆன்றோவின் ஹாரன்.
கடியப்பட்டணத்திலிருந்து பொன்மனை வரைக்கும்
ஐஸ் உருகிச் சொட்டிய பாதை பைக்குக்குப் பின்னால்.
"சாளை மெலிஞ்சு கிடக்கு அண்ணே, நெத்தோலி எடும்."
எடுத்தேன்.
நூறு ரூபாய்க்கு எத்தனை தலை கிள்ள வேண்டுமென்று
அவன் சொல்லவில்லை.
இருநூறு வரை எண்ணினேன்.
அதற்குள் பூனை மூன்றாகியிருந்தது.

மாங்காய், வேதமணி சாருடைய மரம்;
கிளை மட்டும் எங்கள் பக்கம்.
காம்பை ஒடித்ததும் சுர்ரென்று பால்.
சக்கை வெட்டினாலும் பால், கொல்லாம்பழத்தைக் கடித்தால் தொண்டையில் கறை.
இந்த வெயிலில்
என் மரங்களைத் தவிர எல்லாம் சுரக்கிறது.

தோல் சீவும்போது கைக்குத் தானாகத் தெரிந்தது:
தடியில் படாமல் பட்டையை மட்டும் எடுப்பது,
இருபத்திரண்டு வருசம் இருட்டில் செய்த வேலை.
பச்சைத் தோல் ஒரே சுருளாய் இறங்கியது.
பார்க்க ஆளில்லை. பூனைகளுக்குக் காட்டினேன்.

பதினொன்றேகாலுக்கு, டீ நேரத்தில், போன்.
"தேங்காய மையா அரச்சிராதேயும், ஒதுக்கி எடும்.
சீரகம் ஒரு நுள்ளு.
கரண்டி போடப்பிடாது, கேட்டேளா?
சட்டியப் பிடிச்சு ஒரு கறக்கு கறக்கும்."
பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது.
ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

கறக்கினேன்.
மண்சட்டிக்குள் மீன், மாங்காய், மஞ்சள் தேங்காய்
ஒரு சுற்று வந்து அமர்ந்தன.
மேலே பச்சை எண்ணெய் ஒரு கரண்டி, கறிவேப்பிலை;
மூடி.
மூடியைத் திறக்காமல் இருப்பதுதான்
இந்தச் சமையலில் கஷ்டமான பகுதி.

சாயங்காலம் கரண்ட் போயிற்று.
பாயை முற்றத்தில் விரித்து, சட்டியை நடுவில் வைத்தேன்.
சோறு, அவியல், சுட்ட பப்படம்,
ஆறவைத்த கஞ்சிவெள்ளத்தில் உப்பும் காந்தாரியும்.
அவள் கையைக் கழுவி வந்து
ஸ்பூன் கேட்டாள்.

நான் பார்த்தேன்.
கொட்டை எண்ணெய் பட்டுப் பட்டு
மூன்று விரல் நுனியில் தோல் உரிந்திருந்தது.
ஸ்பூனில் மீனைத் துரத்தினாள், அது வழுக்கியது.
"பிசையாத்த சோறு ஆசுவத்திரி சோறு" என்றாள்.
தட்டை என் பக்கம் இழுத்துப்
பிசைந்து, முள் பார்த்து, உருட்டி வைத்தேன்.
ஊட்டவெல்லாம் இல்லை.
உருண்டைகளை அவளே ஸ்பூனால் எடுத்துக்கொண்டாள்.
நான்காவது உருண்டையில்,
"உப்பு?"
"போட்டேனே."
"கஞ்சிவெள்ளத்துல போட்டியோ. சட்டியில?"

அவளே கல்லுப்பு எடுத்து வந்து தூவினாள்.
பிறகு பேச்சில்லை, மென்றோம்.
மாங்காய்த் துண்டைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்து
சப்பி, நாக்கால் ஒரு சத்தம் விட்டு,
"கொள்ளாம்."

அப்போதுதான் பேச்சிப்பாறைப் பக்கம் இடித்தது.
முதலில் மண் வாசம், பிறகு ஓட்டில் நாலு துளி,
பிறகு சட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் உள்ளே.
பாய் நனைந்தது. நனையட்டும்.
வாசலில் நின்று எரிகிற விரல்களை மழையில் நீட்டினாள்.

"ரெண்டு மழை கூடி விழுந்தா
வெட்டு தொடங்கிரும், இல்லியா?"

ஆமென்று சொல்ல வேண்டியதுதான்.
பரணைப் பார்த்தேன்.
சட்டியைப் பார்த்தேன்; அடியில் இன்னும் ஒரு பிடி அவியல்,
நாளை பழங்கஞ்சிக்கு.
"ஆன்றோ நாளைக்கு அயிலை கொண்டுவாரானாம்" என்றேன்.