மணிக்கு அறுநூறு

இரண்டு இரவு, மூன்று பகல், இருபத்தேழாயிரம்.
செவ்வாய் மதியம் இரண்டுக்கு உள்ளே விட்டு
வியாழன் பதினொன்றுக்கு வெளியே அனுப்புவார்கள்.
ஆக, நாற்பத்தைந்து மணி நேரம்.
மணிக்கு அறுநூறு.
திருப்பாப்புலியூர் ஆடிட்டர் ஆபீஸில்
பதினாறு வருஷமாக ஊரார் கணக்கை நேர்செய்கிறவள்
இதைப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியுமா.

"நோணாங்குப்பத்துக்கா? இருபத்திரண்டு கிலோமீட்டருக்கு
யாராவது ரூம் போடுவாங்களா" என்றாள்
மாடிவீட்டு ஜரீனா.
தூரத்துக்கா காசு கொடுக்கிறேன்?

ஆடி மாதம் என்பதால் விலை படிந்தது.
வார நடுவில் என்பதால் இன்னும் கொஞ்சம்.
மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துக்கொண்டு
ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டும்போது ஒன்றேகால்.
கன்னியக்கோவில் கடைகளின் பக்கம்
பூவராகன் தலை திரும்புமுன்
"வர்றப்போ" என்றேன்.

தாளில் எல்லாம் இருந்தது.
மூன்று மணிக்கு நீச்சல் குளம்,
நாலரைக்குச் சுண்ணாம்பாற்றில் படகு,
ஆறுக்கு இருவருக்கும் எண்ணெய் மசாஜ்,
எட்டரைக்கு மெழுகுவர்த்தி வைத்த மேஜை.
காலை பஃபேக்குப் பத்துக்குப் போனால்
மதியம் பசிக்காது என்பதுவரை.

குளத்தில் நின்றது இருபது நிமிஷம்.
அறைக்கு வந்து, மூன்று நாற்பதுக்கு,
"அஞ்சு நிமிஷம் காலை நீட்டிக்கிறேன்" என்றார்.

நாலரைக்குப் படகுக்காரர் போன் செய்தார்.
கட்டின பணம் திரும்பாதாம்.
கோபத்தில் தோளைப் பிடித்து உலுக்கினேன்.
கண் திறக்கவில்லை.
"நாப்பத்திரண்டாம் வால்வை மூடு" என்றார் தெளிவாக.
நான் ஜன்னல் திரையை மூடினேன்.

சிப்காட்டில் பதினோரு வருஷம்.
ஏ ஷிப்ட், பி ஷிப்ட், பிறகு அந்த சி.
விடிந்து வந்து படுத்தால்
மீன்காரர் குரல், குக்கர் விசில்,
ஜரீனா வீட்டு டிரில், கூரியர் பையன்.
எட்டணாவும் நாலணாவுமாகத்தான்
கைக்கு வந்திருக்கிறது தூக்கம்.
முழு நோட்டாக இன்றுதான் பார்க்கிறார்.

மசாஜை விடவில்லை நான்.
இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் என்றால்
ஒருத்திக்கு இரண்டு மணி நேரம் என்று
வாதாடி வாங்கினேன்.
அந்த மணிப்பூர்ப் பெண்
என் கழுத்தில் ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து
"கம்ப்யூட்டரா?" என்றாள்.
"மார்ச் மாசம்" என்றேன்.

எட்டரைக்குப் பரிமாறுகிற பையன்
எதிர்த் தட்டை எடுக்கலாமா வேண்டாமா என்று
கையை நீட்டி நீட்டி மடக்கினான்.
"சார் வரலையா மேடம்?"
"தூங்குறார்."
"உடம்பு சரியில்லையா?"
"இல்லப்பா, ரொம்பச் சரியா இருக்கு."
வறுத்த இறாலில் அவர் பங்கையும் தின்றேன்.
மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்தது,
மூன்றாம் தடவை ஏற்ற வேண்டாம் என்றுவிட்டேன்.
இருட்டில் ஆறு எந்தப் பக்கம் போகிறது என்று
கண்டுபிடிக்க முடியவில்லை. முகத்துவாரம் பக்கத்தில்.
அதற்கே தெரியாதோ என்னவோ.

திரும்பி வந்து அருகில் படுத்தபோது
ஆட்டோ மீட்டர் மாதிரி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது:
பத்து மணிக்கு மூவாயிரத்து எண்ணூறு,
விழித்துப் பார்த்தால் ஏழாயிரத்துச் சொச்சம்.
குறட்டை ஒரே சீராக, நல்ல மோட்டார் போல.
எங்கள் தெருவில் காற்றுத் திரும்பினால் வருமே,
அழுகின பழமும் நகப்பூச்சும் கலந்த அந்த நெடி,
அது இல்லாததால் இரண்டு முறை விழித்தேன்.

ஒன்பது பத்துக்குப் புரண்டார்.
பதினேழரை மணி நேரம். பத்தாயிரத்து ஐந்நூறு.
எந்தத் தலைப்பில் எழுதுவது?
செலவு என்று எழுதக் கை வரவில்லை.
முதலீடு என்றால் பொய்.
பழைய பாக்கி என்று போட்டேன்.

பஃபேக்கு இன்னும் நேரம் இருந்தது.
நெற்றியைத் தொட்டு எழுப்பப் போனேன்.
என் மணிக்கட்டில் எலுமிச்சைப்புல் எண்ணெய்
இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது.
கண்ணை மூடியபடியே இரண்டு தரம் மோந்தார்,
விருட்டென்று எழுந்து உட்கார்ந்து
"எந்த யூனிட்டு லீக்கு?" என்றார்.
கால் கட்டிலுக்கு அடியில்
ஷூவைத் துழாவிக்கொண்டிருந்தது.