ஏழு செக்கன்

காசுக்கெண்டால் இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம்.
தவணைக்கு மாசம் ஆயிரத்து எழுநூற்றைம்பது,
இருபத்துநாலு மாசம்.
றிஸ்கான் தம்பி கல்குலேற்றரை
என்ர பக்கம் திருப்பவேயில்லை.

இரவு டியூட்டியில்
மருந்துத் துண்டின் பின்பக்கம் நானே பெருக்கினன்:
நாற்பத்திரண்டாயிரம்.
கையில் காசில்லாததுக்கு விலை
பன்னிரண்டாயிரத்து நூறு.

எண்டாலும் கையெழுத்து வைச்சன்.
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரியில் நான் முழிச்சிருக்க
வீட்டில் அது முழிச்சிருந்து
நாடகத்தைப் பிடிச்சு வைக்கும்.
விடிய வந்து, மீன் ஆய்ஞ்சுகொண்டு
விளம்பரங்களைத் தாண்டி ஓடவிடுவன்.
முதலாளிமாரையெல்லாம் வாசலில் நிற்பாட்டினமாதிரி ஒரு சுகம்.

மறுகா
தேசிய விளையாட்டு விழா.
சரூபினி ஈட்டியோட ஓடிவாறாள்.
ஏழு செக்கன்.
அதை எத்தனை தரம் பின்னுக்கு இழுத்திருப்பன்,
பெட்டிக்குத்தான் தெரியும்.

பதினேழு தவணை கட்டினன்.
காசு விலைக்கு நூற்றைம்பது ரூபாதான் குறைவு.
பதினெட்டில் சப்பாத்து, பத்தொன்பதில் கரண்டு பில்,
இருபதில் ஒண்டுமில்லை, சும்மாவே இல்லை.

றிஸ்கான் வந்தான். முகத்தைப் பார்க்காமல்
வயரைச் சுருட்டத் தொடங்கினான்.
"உள்ளுக்கு இருக்கிறதை மட்டும் எடுத்துத் தர ஏலுமா?"
"ஏலா அக்கா. பெட்டி கொம்பனிட.
பதிஞ்சதும் வேற பெட்டியில ஓடாது."

"ஒருக்காப் போட்டுப் பார்த்திட்டுத் தாறன்."
வயரைத் திரும்பக் கொழுவினான்.
கதிரை நுனியில் அவனும் இருந்தான்.

ஈட்டி அவள் கையை விட்டுது.
கமரா வேற பிள்ளையிட்டப் போயிற்று.

"எவ்வளவு தூரம் அக்கா?" எண்டான்.