இருபது லிட்டர்

ஒண்டிக்கடை முக்கில் என் செல்ஃபோன் கடை.
பனி இறங்கிவிட்டால் ஏற்காட்டில்
இன்வெர்ட்டரும் சிக்னலும் சேர்ந்து கிடைக்கும் இடம் என்பதால்
உலகக் கூட்டம் அங்கே நடந்தது.

எங்களுக்கு இரவு பத்தரை.
கினியாவில் மாலை ஐந்து.
ஜமைக்காவில் உச்சிவெயில்.
பாக்சைட் தோண்டிய மலைகள் மூன்று
ஒரே திரையில், தீப்பெட்டி தீப்பெட்டியாக.

சுனைக்காட்டிலிருந்து வெள்ளாயி வந்திருந்தாள்,
காப்பிப் பழம் பறித்த கையோடு,
ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர்.
கூட எட்டுப் பேர். தூங்கிப்போன ஒரு குழந்தை.
கடைசி பஸ் போய்விட்டதை
யாரும் பேச்செடுக்கவில்லை.

மொழிபெயர்க்க டொராண்டோவிலிருந்து தர்ஷினி.
"அக்கா, உங்களுக்கு மூன்று நிமிஷம்.
ஆறுதலாக் கதையுங்கோ."
வெள்ளாயிக்கு முகம் சுருங்கியது.
"கதையெல்லாம் இல்லீங்க. நடந்ததைத்தான் சொல்லப்போறேன்."
தர்ஷினி திகைத்து, பிறகு வாயைப் பொத்திச் சிரித்தாள்.
அதை மற்றவர்களுக்கு விளக்கவே
ஒரு நிமிஷம் போயிற்று.

மீதி இரண்டில் சொன்னது:
மேலே குழி. குழியில் செந்தண்ணி.
முன்னெல்லாம் சித்திரையிலும் சுனை ஓடும்,
இப்ப தை மாசமே நூலாப் போயிடுது.
"குழியை மூடித் தாங்கன்னு கேட்டோம்.
கன்னு நட்டாங்க. போட்டோ எடுத்தாங்க.
கன்னுக்கு வேலி போட்டாங்க.
வேலிக்கு உள்ளே எங்க சுனை."

கினியாவின் பெண்ணுக்குப் பெயர் ஃபான்டா.
கேட்டதும் எங்கள் பக்கம் சிரிப்பு.
எந்தக் கடையில் கிடைக்கும் என்றான் ஒருவன்.
அவள் காத்திருந்தாள்.
பிறகு ஒரு வெள்ளைத் துணியை விரித்தாள்.
காலையில் துவைத்துக் கொடியில் போட்டதாம்,
லாரிகள் போகும் சாலையோரம் வீடாம்.
துணி எங்கள் மண்ணின் நிறத்தில் இருந்தது.

வெள்ளாயி குனிந்து செருப்பைக் கழற்றினாள்.
அடியில் அப்பியிருந்ததை நகத்தால் சுரண்டி
உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.
என் மட்டமான கேமராவில் அது
வெறும் கறுப்பாகத்தான் தெரிந்தது.
ஆனாலும் ஃபான்டா தலையாட்டினாள்.

நான் மேஜைக்குப் பின்னால்
சால்டரிங் கம்பியைச் சும்மா துடைத்துக்கொண்டிருந்தேன்.
திறந்து கிடந்த ஆறு ஃபோன்களுக்கும்
அலுமினியச் சட்டம்.
கூட்டம் ஓடிக்கொண்டிருந்த மடிக்கணினிக்கும்
அதே முதுகு.
சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
ஜமைக்காக்காரர் சொல்லிவிட்டார்.
தர்ஷினியின் தமிழில் அது இப்படி வந்தது:
"எங்கட மலையளின்ர துண்டுக்குள்ளாலதான்
நாங்கள் கதைக்கிறம்."
இந்த முறை அந்தச் சொல்லுக்கு
வெள்ளாயி கோபிக்கவில்லை.

தீர்மானத்தில் பதினேழாவது வரி எங்கள் ஊர்.
எழுத்துப்பிழையோடு, சுன்னக்காடு.
ஏதோ ஒரு மாநாட்டில் வாசிப்பார்களாம்.
"அங்க யாரு உக்காந்து கேப்பாங்க?"
தர்ஷினி அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆனால் ஒரு வேலை மிஞ்சியது.
மூன்று மலையிலும் ஞாயிறுதோறும்
ஊற்றுக்குக் கீழே பாத்திரம் வைத்து
நிரம்ப எத்தனை நொடி என்று எண்ணுவது.
"எந்தப் பாத்திரம்?"
அதில் அரைமணி நேரம்.
எங்களுக்குக் குடம், அவர்களுக்கு வாளி,
ஜமைக்காவில் பெயின்ட் டப்பா.
கடைசியில் மூன்று ஊரிலும் ஒன்றுபோல் கிடைப்பது
காசுக்குத் தண்ணீர் வரும்
இருபது லிட்டர் கேன்தான் என்று முடிவாயிற்று.
யாருக்கும் அது பிடிக்கவில்லை.
வேறு வழியும் தெரியவில்லை.

முதல் ஞாயிறு வெள்ளாயி: நானூற்றுப் பன்னிரண்டு.
ஃபான்டா: அறுநூற்று நாற்பது.
ஜமைக்காவில் மழை, எண்ண முடியவில்லை, மன்னிக்கவும்.

போன ஞாயிறு எண் வரவில்லை.
குரல்பதிவு ஒன்று வந்தது.
கடைத் திரையை ஏற்றியபடியே கேட்டேன்.
கேனுக்குள் தண்ணீர் விழும் சத்தம்,
அதற்கு மேல் அவள்:
இருநூத்தி ஆறு, இருநூத்தி ஏழு,
இருநூத்தி, ஏய், ஏய், ச்சூ, யாரு ஆடு இது,
கல் ஒன்று எங்கோ விழுகிறது,
கேன் கவிழ்கிறது,
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு மறுபடி
ஒண்ணு,
ரெண்டு.