பத்தாவது பெயர்

மண்டபம் நண்டுக் கம்பெனியை
ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூடினார்கள்.
ஆவித் தொட்டியில் பாதி வெந்த நண்டு அப்படியே கிடந்தது.
'அமெரிக்காவில் ஆர்டர் இல்லை' என்றார் மேனேஜர்.
அமெரிக்காவை நாங்கள்
டப்பா மூடியில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம்.

மேசையில் முப்பத்துநாலு பெண்கள்.
கையுறையைக் கழற்றினால் விரல் வெளுத்து
யாரோ ஒருத்தியின் விரல் போல இருக்கும்.
நான் அந்த மேசைக்காரி இல்லை.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மின்விசிறிக்குக் கீழே
கணக்கு எழுதினேன், பதினோரு வருஷம்.

உச்சிப்புளி வரை நின்றுகொண்டே போய்
ராமநாதபுரம் ஈஎஸ்ஐ அலுவலகத்தில் டோக்கன் எடுத்தேன்.
வேலை போனால் தொண்ணூறு நாள் பாதிக் கூலி உண்டு என்று
யாரோ சொன்னார்கள்.
யாரோ என்ன யாரோ,
அந்தச் சுற்றறிக்கையைக் கோப்பில் சொருகியதே நான்தான்.
ஒன்பதாயிரம் சம்பளம், நாளுக்கு முந்நூறு,
பாதி நூற்றைம்பது,
தொண்ணூறால் பெருக்கினால் பதிமூவாயிரத்து ஐந்நூறு.
வாடகை, மகனின் ஐடிஐ ஃபீஸ், கேஸ்.
மிச்சத்துக்குக் கடல் இருக்கிறது என்று சொல்லவும் முடியாது,
தடைக்காலம்.

தடைக்கால நிவாரணம்
நண்டைப் பிடித்தவனுக்கு உண்டு.
உரித்தவளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

'இன்சூரன்ஸ் நம்பர் சொல்லுங்கம்மா.'
'இல்லை சார்.'
'கம்பெனி பேர்?'
சொன்னேன். கணினியைத் தட்டினார், எழுந்துபோனார்,
பழுப்புக் கோப்போடு வந்தார்.
'மொத்தமே ஒன்பது பேர். பத்து இருந்தால்தான் சட்டம்.
ஆய்வுக்கு வந்தவர் பார்த்து எழுதியிருக்கிறார்.'

கோப்பை என் பக்கம் திருப்பினார்.
வருகைப் பதிவேட்டின் நகல்.
ஒன்பதாவது பெயருக்குக் கீழே
அடிக்கோல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு.
என் 'ழ'வுக்குத்தான் அப்படி வால் நீளும்.

ஆய்வு வந்த அன்று
இருபத்தைந்து பேரை ஐஸ் அறைக்குப் பின்னால்
வலைக்கிடங்கில் நிறுத்தினோம், ஒன்றரை மணி நேரம்.
ஆய்வாளருக்கு டீ ஊற்றியது நான்.
'இவங்க?' என்றார்.
'முதலாளிக்குச் சொந்தம், சும்மா வந்தேன்' என்றேன்.
யாரும் சொல்லித்தரவில்லை, வாய் தானாகச் சொன்னது.

முதலாளி பங்கு நூற்றுக்கு மூணேகால்.
முப்பத்துநாலு பேருக்கு மாதம்
பத்தாயிரத்துக்கு ஐம்பத்தைந்து ரூபாய் குறைவு.
ஜெனரேட்டர் குடித்த டீசல் அதைவிட அதிகம்,
அந்தக் கணக்கும் என் கையால்தான்.
கெட்டிக்காரி என்று தீபாவளிக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தார், பச்சை.
அதிகாரி மதிக்கட்டும் என்று
இன்றைக்கு அதைத்தான் கட்டிப் போயிருந்தேன்.

'இது யார் எழுத்து?'

பின்னால் டோக்கன் நாற்பத்தொன்று செருமினார்.
'என்னோடது.'

அவர் பேனாவை மூடினார். கொஞ்சம் கழித்துத் திறந்தார்.
ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார்.
'அப்படின்னா எல்லார் பேரையும் எழுதுங்க.
உங்க மேலேயே திரும்பலாம், தெரியும்ல?'
தெரியும்.

முதலில் என் பெயர். பிறகு மேசை வரிசைப்படி:
முத்திருளாயி, செய்யதம்மாள், ரெக்சலின்,
கால்சதை மட்டும் எடுக்கும் சீனியம்மாள்,
அவள் நாத்தனார் ஜெஸ்டினா என்று
நெருங்கிய எழுத்தில் இறங்கிப் போய்
முப்பத்தொன்றில் பேனா நின்றது.
ஜன்னலோரம், இடது கையால் உரிப்பவள்.
ஆறு வருஷம் 'ஏ உச்சிப்புளி' என்றே கூப்பிட்டோம்.
கூலி வவுச்சரில் நானே 'உ.புளி' என்று எழுதி
ரேகை வாங்கியிருக்கிறேன்.

அந்த வரியை விட்டுவிட்டு மிச்சத்தை எழுதினேன்.
ஐந்து மணிக்கு கவுன்ட்டரை இறக்கினார்கள்.
'நாளைக்கு முழுசாக் கொண்டாங்க.'

மண்டபத்துக்கு டிக்கெட் எடுத்தும்
உச்சிப்புளியில் இறங்கிவிட்டேன்.
ரயில்வே கேட் பக்கம் கருவாடு விற்றவளிடம் கேட்டேன்:
'இடது கையால நண்டு உரிக்குமே ஒரு பொண்ணு,
வீடு எங்கே? பேரு தெரியலை.'

பட்டுச் சேலையை
மேலும் கீழும் பார்த்தாள்.
'கடன் வசூலா?' என்றாள்.